மாப்பிள்ளை வந்தால் எழுந்து நிற்பது

மருமகன் அறைக்குள் வந்தால் மாமனார் எழுந்து நிற்க வேண்டும் என்று எந்த நூலிலும் எழுதியிருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆயினும் எங்கள் குடும்பங்களில் அது நடந்துவந்தது. நான் புதுமாப்பிள்ளையாக இருந்தபோது என் மாமனார், உண்டுகொண்டிருந்த கையை உதறாமலேயே, எனக்காக எழுந்து நின்றார். நான் உட்கார்ந்த பிறகே அவர் உட்கார்ந்தார். அந்த மரியாதையை நானும் என் மகளின் கணவருக்குக் குறைவின்றிச் செய்துவந்தேன். திருச்சியில் இருந்தவரை இதனால் எவருக்கும் எந்தத் தீங்கும் விளையவில்லை. அமெரிக்காவுக்கு வந்து, மாப்பிள்ளை எறியம்பு ஆட்டத்தைத் தொழிலாக மேற்கொண்ட பிறகே இது பல சிக்கல்களுக்கு வழிவகுத்தது. அவற்றை நிகழ்ந்தவாறே எழுதிவைப்பது என் கடமை என்று கருதுகிறேன்.

எறியம்பு என்பது நான் இட்ட பெயர். மாப்பிள்ளை அதை ‘டார்ட்ஸ்’ என்பார். சுவரில் ஒரு வட்டப் பலகை. அதைச் சுற்றிலும் ஒன்று முதல் இருபது வரை எண்கள், கலைத்துப் போட்ட சீட்டுக்கட்டைப் போல ஒழுங்கின்றி இருக்கும். ஆட்டக்காரர் தரையில் குறித்த கோட்டில் நின்று, முறைக்கு மூன்று சிற்றம்புகளாகப் பலகையை நோக்கி எறிவார். ஐந்நூற்றொன்றில் தொடங்கி, தைத்த எண்களைக் கழித்துக்கொண்டே பூச்சியத்துக்கு வரவேண்டும். முதலில் வருபவர் வென்றவர். ஆனால் கடைசி அம்பு பலகையின் விளிம்பில் உள்ள மெல்லிய வளையத்தில்தான் தைக்க வேண்டும். அவ்வளையத்தில் எண்ணின் மதிப்பு இருமடங்காகும். என் சுண்டுவிரலைவிட ஒல்லியான அவ்வளையத்தை நம்பி ஒரு குடும்பத்தலைவர் தம் வாழ்க்கையை அமைத்துக்கொள்ள முடியுமா என்பதுதான் எங்கள் வீட்டில் நெடுநாள் நிலவிய கேள்வி.

என் மகள் பார்சிப்பனி என்ற ஊரில் ஒரு மருத்துவமனையில் மருந்தாளுநராகப் பணியாற்றினாள். மாப்பிள்ளை அவ்வூரிலேயே ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருந்தார். மனைவியை இழந்த நான் அவர்களோடு தங்கியிருந்தேன். நிறுவனங்கள் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஒரு நாள் மாப்பிள்ளை நண்பகலிலேயே வீடு திரும்பினார். நான் எழுந்து நின்றேன். அவர் கையில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. அதற்குள் ஒரு காபிக் கோப்பை, ஒரு குடும்பப் படம், அலுவலகத்தின் ஓய்வறையில் தொங்கிய எறியம்புப் பலகை.

“இதையும் எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டாங்க மாமா. ஆடுறதுக்கு அங்க இனிமே ஆள் இல்லையாம்” என்றார்.

இருவருக்கும் கிரீன் கார்டு வந்துவிட்டிருந்தபடியால் நாட்டைவிட்டுப் போகவேண்டிய நெருக்கடி இல்லை. மாப்பிள்ளை பலகையைக் கராஜ் சுவரில் மாட்டினார். காலையில் வேலைகளுக்கு விண்ணப்பிப்பார். மாலையில் அம்பு எறிவார். விண்ணப்பங்கள் போன இடம் தெரியவில்லை. அம்புகள் நாளடைவில் எறிந்த இடத்துக்கே போய்ச் சேர்ந்தன. அவருக்கு அதில் ஓர் ஆறுதல் இருந்திருக்க வேண்டும். ஒரு நாள் உணவு மேசையில் என்னிடம் சொன்னார்:

“மாமா, இதை ப்ரொஃபஷனலா எடுத்துக்கலாம்னு இருக்கேன்.”

“நல்லது மாப்ளே. ஆபீஸ் எங்க?”

“ஆபீஸ் இல்ல மாமா. பார்ல.”

நான் பள்ளியில் அதிகம் பயிலாதவன். நூல்களைக் கொண்டு நானே கற்றுக்கொண்டவன். பார் என்றால் உலகம் என்பது எனக்குத் தெரியும். வழக்கறிஞர் மன்றத்தையும் அப்படி அழைப்பர் என்பதும் தெரியும். மதுக்கடையை அச்சொல் குறிக்கும் என்பது அப்போது என் நினைவுக்கு எட்டவில்லை. ஆகவே நம் நாட்டுக் கடைகள் நிறைந்த ஐசலின் என்ற ஊரின் கடைத்தெருவில் இனிப்புக்கடை வைத்திருந்த நம்மவர் ஒருவர், “மாப்ள இப்போ என்ன பண்றாரு அங்கிள்?” என்று கேட்டபோது, “பாருக்குப் போகிறார்” என்று பெருமையோடு சொன்னேன். அடுத்த வாரமே அவர் காகிதக் கோப்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, தம் தம்பியின் கிரீன் கார்டு விவகாரத்தில் சட்ட யோசனை கேட்டார். மாப்பிள்ளை மரியாதை தெரிந்தவர். வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனமின்றி, தமக்குத் தெரிந்ததைச் சொல்லி அனுப்பினார். தம்பிக்குக் கார்டு கிடைத்துவிட்டது. அதன்பின் நம்மவர்கள் வருவதை நிறுத்தப் பெரும்பாடு பட்டோம்.

தொழிலின் முதல் வருமானமாக மாப்பிள்ளை ஒரு சனிக்கிழமை கொண்டுவந்தது பெரியதொரு பன்றித்தொடை. பொன்னிறத் தாளில் சுற்றி ரிப்பன் கட்டியிருந்தார்கள். பரிசு கொடுத்த கையைத் தட்டிவிடக்கூடாதே என்று வாங்கிக்கொண்டாராம். எங்கள் மார்க்கத்தில் விலக்கப்பட்டதை வீட்டுக்குள் கொண்டுவர முடியாமல் வாசலில் நின்றார். அவர் நின்றதால் நானும் நின்றேன். என் மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டு அம்மையாரைத் தொலைபேசியில் அழைத்தாள். அவ்வம்மையார் அன்றுமுதல் மாப்பிள்ளையின் ஆட்டத்தில் மிகுந்த அக்கறை காட்டினார்.

இவ்வாறு போய்க்கொண்டிருந்த வாழ்வில், முதல் வகுப்பில் படித்த என் பேத்தியால் திருப்பம் நேர்ந்தது. தந்தையின் தொழிலைப் பற்றிச் சொல்லும்படி வகுப்பில் கேட்டார்களாம்.

“அத்தா, இவ என்ன சொல்லியிருக்கா தெரியுமா?” என்றாள் என் மகள். “‘மை டாட் த்ரோஸ் ஷார்ப் திங்ஸ்’னு சொல்லிட்டு வந்திருக்கா. ஸ்கூல் கவுன்சிலர் இப்போ வீட்டுக்கு விசிட் வர்றாங்க.”

“இட்ஸ் ட்ரூ, மாம்” என்றாள் பேத்தி.

பள்ளி ஆலோசகர் அம்மையார் வந்தார். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு வீடு முழுவதையும் பார்வையிட்டார். கராஜுக்கு அழைத்துச்சென்று பலகையைக் காட்டினோம். சிறிது நேரம் அதையே பார்த்திருந்துவிட்டு, தாமும் மூன்று அம்புகளை எறிந்து பார்த்தார். தேநீர் அருந்திவிட்டு, குழந்தை நலமாகவே இருக்கிறாள் என்று சொல்லிப் போனார். ஆனால் என் மகளின் பொறுமை அன்றோடு தீர்ந்தது.

“நீங்க அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க அத்தா. இது எதுல போய் முடியும்?”

“மாப்பிள்ளைகிட்ட நான் எப்படிம்மா சொல்றது? மரியாதையா இருக்காதே.”

“மரியாதையையே கட்டிக்கிட்டு அழுங்க. நானே சொல்லிக்கிறேன்.”

அவளே சொன்னாள். கணவன் மனைவிக்குள் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. டெக்சாஸ் மாநிலத்தில் அடுத்த வசந்தகாலத்தில் ஒரு தகுதிப் போட்டி வர இருந்தது. அதில் மாப்பிள்ளை வென்றால் நாடு முழுவதும் சுற்றி ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர் வரிசையில் அவருக்கு ஓர் இடம் உறுதி. பிறகு அவள் குறுக்கே நிற்கமாட்டாள். தோற்றால் அவர் அம்பைத் தொடக்கூடாது. அம்மாநிலத்திலேயே ஆலன் நகரில் இருந்த அவருடைய கல்லூரித் தோழர் தம் நிறுவனத்தில் அவருக்காகப் பேசிவைத்திருந்த வேலையில் சேரவேண்டும். பேத்திக்கும் எனக்கும் சேர்த்து அங்கேயே வீடு பார்க்கவேண்டும். இடைப்பட்ட காலத்தில் நான் ஆட்டங்களுக்குக் கூடவே போய் நேரில் பார்த்து அவளிடம் சொல்லவேண்டும் என்பது அவள் விதித்த துணை ஏற்பாடு.

“அவரு தோத்தா ‘நல்லா ஆடினேன்’னுதான் சொல்வாரு. நீங்க ஸ்கோர் சொல்லுங்க, போதும்” என்றாள்.

இவ்வாறாக, வாழ்நாளில் மதுவை முகர்ந்தும் பாராத நான், நெடுஞ்சாலை ஓரத்து மதுக்கடை ஒன்றில் வாரந்தோறும் அமர்பவன் ஆனேன். கடை முதலாளி கழுத்துவரை பச்சை குத்திய, மலைபோன்ற மனிதர். என் தாடியையும் தொப்பியையும் கண்டு, எனக்கென்று ஒரு மேசையை நனைத்துத் துடைத்துக் கொடுத்தார். எலுமிச்சைத் துண்டு மிதக்கும் இஞ்சி சோடாவை என் முன் வைத்தார். தொழுகை நேரத்தில் நான் கார் நிறுத்துமிடத்துக்குப் போவதைக் கண்டு, பாட்டின் ஒலியையும் குறைக்கச் சொன்னார்.

முதல் நாள் மாப்பிள்ளையின் முறை வந்ததை அவர் கவனிக்கவில்லை. நான் “மாப்ளே” என்று கூப்பிட்டேன். மருமகனைப் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கம் எனக்கில்லை. அவருடைய உண்மைப் பெயரை அதுவரை எவ்வகையிலும் உச்சரிக்க முடியாமல் தவித்த முதலாளி, விடுதலை பெற்றவர்போல் கரும்பலகையில் அவர் பெயரை அழித்து ‘மாப்லி’ என்று எழுதினார். எறியம்பு ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர் இருப்பது மரபாம். அடுத்த வாரம் மாப்பிள்ளையின் சட்டை முதுகில் அப்பெயரைத் தைத்தே கொடுத்துவிட்டார்கள். அவர் உள்ளே நுழைந்ததும் கடையே ஒரே குரலில் “மாப்லி” என்று வரவேற்கும். லாரி ஓட்டுநர்கள், கூரை வேய்வோர், ஓய்வுபெற்ற காவலர் ஒருவர் ஆகிய அனைவரும் எனக்குச் சம்பந்திகளா, அல்லது மாப்பிள்ளைக்கு என்னோடு போட்டியிடும் மாமனார்களா என்று உறவுமுறையைத் தீர்மானிக்க இயலாமல் நான் சோடா அருந்திக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை ஒவ்வொரு முறையும் கோட்டுக்கு வரும்போது நான் எழுந்து நின்றேன். அவர் திரும்பி வந்து உட்கார்ந்ததும் உட்கார்ந்தேன். முதலாளி முதலில் என் முழங்காலைப் பற்றி விசாரித்தார். வழக்கத்தை விளக்கினேன். என் ஆங்கிலத்தின் குறைபாடோ என்னவோ, அது எங்கள் நாட்டு எறியம்பு ஆட்டத்தின் மரபு என்று அவர் விளங்கிக்கொண்டார். அடுத்த வாரம் கடையில் இருந்த அனைவரும் எழுந்து நின்றார்கள். எதிராளிகள் முணுமுணுத்தனர். வட்டாரப் போட்டிக் குழுவினர் கூடி ஒரு தீர்ப்பு வழங்கினர்: பார்வையாளர் நிற்கலாம், உட்காரலாம், ஆனால் ஆட்டக்காரர் கோட்டில் கால் வைத்த பிறகு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறக்கூடாது. ஆகவே மாப்பிள்ளை நாற்காலியை விட்டு அசையும்போதே கடை முழுதும் எழுந்துவிடும். ஒருமுறை அவர் கழிவறைக்குப் போவதற்காக எழுந்தபோதும் எழுந்தார்கள். அவர் வெட்கப்பட்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

“இதெல்லாம் வேணாம் மாமா” என்று காரில் சொல்லிப் பார்த்தார்.

“பழக்கம் மாப்ளே. விட முடியல.”

“எனக்கும் பழகிடுச்சு. அதுதான் பயமா இருக்கு.”

வசந்தம் வந்தது. இருவரும் டெக்சாஸுக்கு விமானம் ஏறினோம். என் தாடி, தொப்பி, அம்புகள் ஆகிய மூன்றும் ஒரே சோதனை வாயிலைக் கடப்பது அக்காலத்தில் உசிதமன்று என்று கருதி, அம்புகளை என் கைலியில் சுருட்டிப் பெரிய பெட்டியில் வைத்து ஏற்றினோம். ஆலன் நகரத் தோழர் வந்து அழைத்துப்போனார். வழியில் காரை நிறுத்தி ஒரு கண்ணாடிக் கட்டடத்தைக் காட்டினார்.

“மச்சான், இதான்டா நம்ம பில்டிங். உன் க்யூபிகிள் விண்டோ பக்கம். பிங்பாங் டேபிள் கூட இருக்கு.”

“டார்ட் போர்டு?”

“ஷார்ப்பா எதுவும் அலவுட் இல்லடா. ஹெச்.ஆர். பாலிசி.”

மாப்பிள்ளை அந்தக் கட்டடத்தைச் சிறிது நேரம் பார்த்திருந்தார். பிறகு கார் புறப்பட்டது.

போட்டி ஒரு விடுதியின் மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளை நன்றாகவே ஆடினார். முதல் சுற்றுகளில் நான் கதவோரம் நின்றிருந்தேன், எவரும் தடுக்கவில்லை. அவர் எறியுமுன் ஓரக்கண்ணால் என்னைப் பார்ப்பார், நான் நிற்பேன், அவர் எறிவார். இறுதி ஆட்டத்துக்கு உறவினரை முன்வரிசையில் அமர்த்தினார்கள். எதிராளி அவ்வூர்ப் பள்ளிப் பேருந்து ஓட்டும் ஓர் அம்மையார், பேரப்பிள்ளைகள் எடுத்தவர், அனைவரையும் ‘ஹனி’ என்று அழைப்பவர், எறிந்தால் குறி தவறாதவர். இருவரும் மாறி மாறி வென்று கடைசிச் சுற்றுக்கு வந்தார்கள். அதில் அம்மையாருக்கு நாற்பது மீதி. மாப்பிள்ளைக்கு முப்பத்திரண்டு மீதி, அடுத்த முறை அவருடையது. பதினாறாம் எண்ணின் மெல்லிய வளையத்தில் ஓர் அம்பு தைத்தால் போதும். அது அவர் தூங்கி எழுந்ததும் பயிற்சிக்காக அடிக்கும் குறி.

அந்த வேளையில் எனக்குப் பின்னால் இருந்தவர், நான் நிற்பதால் தமக்கு மறைக்கிறது என்று நடுவரிடம் முறையிட்டார். அவருடைய தொப்பி ஒரு தாம்பாளத்தின் அகலம் இருந்தது. அவருக்குப் பின்னால் இருந்தவர் எதுவும் முறையிடவில்லை. நடுவர் என்னிடம் வந்து மிகவும் பணிவாக, உட்காரும்படி கேட்டுக்கொண்டார். உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளை கோட்டுக்கு வந்தார். என் உடல் தானாக எழுந்தது. நாற்காலியின் இரு கைகளையும் பற்றி அதை அழுத்திப் பிடித்தேன். அந்தப் போராட்டத்தில் எனக்கு வியர்த்துக் கொட்டியது. அவர் கையை உயர்த்தினார். வழக்கம்போல் ஓரக்கண்ணால் பார்த்தார். கையைத் தாழ்த்தினார். அம்புகளோடு கோட்டைவிட்டு இறங்கி நேரே என்னிடம் வந்தார்.

“மாமா, நெஞ்சு வலிக்குதா?”

“இல்ல மாப்ளே. போங்க, போய் எறிங்க.”

“அப்புறம் ஏன் உக்காந்திருக்கீங்க?”

இதற்குள் மாப்பிள்ளை அருகில் வந்துவிட்டபடியால் நான் எழுந்து நின்றுவிட்டேன். நடுவர் மறுபடி வந்தார்.

“நீங்க உக்காருங்க மாமா. வேர்க்குது பாருங்க.”

“நீங்க நிக்கிறப்போ நான் எப்படி உக்கார்றது?”

“நான் போனா உக்காருவீங்களா?”

“போங்க, உக்கார்றேன்.”

பெரியவர்களுக்கு முதுகைக் காட்டி நடக்கமாட்டார் அவர். என்னைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து கோட்டை அடைந்தார். மண்டபத்தில் ஓர் ஓசையும் இல்லை. பேருந்து ஓட்டும் அம்மையார் மட்டும், “ஹனி, அவசரமே இல்லை” என்றார். மாப்பிள்ளை எறிந்தார். முதல் அம்பு கம்பிக்கு வெளியே தைத்தது. இரண்டாவது வளையத்துக்கு உள்ளே, வெறும் பதினாறில் தைத்தது. மூன்றாவது கம்பியில் பட்டுத் தரையில் விழுந்தது. அம்மையார் தம் முறையில் ஒரே அம்பில் நாற்பதை முடித்தார்.

பிறகு அவ்வம்மையார் என்னிடம் வந்து நலம் விசாரித்தார். நடந்ததை விளக்கினேன். தம் வீட்டிலும் பாதிரியார் வந்தால் எழுந்து நிற்பார்கள் என்றும், ஆனால் அதற்காக முப்பத்திரண்டை விட்டு இறங்கி வந்த எவரையும் தாம் கண்டதில்லை என்றும் சொன்னார். ஆறுதலா கண்டனமா என்று விளங்கவில்லை. இரண்டுக்கும் பொதுவாகத் தலையசைத்தேன்.

காரில் மாப்பிள்ளை தம் தோழரிடம், “மண்டே ஜாயின் பண்றேன்டா” என்றார். தோழர் வீட்டில் இறங்கியதும் நான் என் மகளை அழைத்தேன்.

“தோத்துட்டாரும்மா.”

“எவ்ளோ மீதி?”

“கடைசி முறைக்கு வந்தப்போ முப்பத்திரண்டு.”

“டபுள் சிக்ஸ்டீனா? அத எப்படி அத்தா மிஸ் பண்ணுவாரு? கண்ண மூடிட்டு அடிப்பாரே.”

இரட்டைப் பதினாறு என்பதை அவள் யாரிடம் கற்றாள் என்று எனக்கு வியப்பாக இருந்தது. கராஜ் சுவருக்கு மறுபுறம்தான் அவள் சமையலறை என்பது பின்னரே நினைவுக்கு வந்தது. நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

“லைன்லேர்ந்து இறங்கி உங்ககிட்ட வந்தாரா?”

“ஆமா.”

“ஆலன் வேலை, வீடு மாத்துறது, எல்லாம் அந்த ஒரு டார்ட்லதான்னு தெரிஞ்சும்?”

“தெரியாமலா வந்திருப்பாரும்மா.”

“அவர்கிட்ட போனைக் குடுங்க.”

மாப்பிள்ளை வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “இல்லம்மா, சொன்னா சொன்னதுதானே” என்று ஒருமுறை சொன்னார். பிறகு “ம்” என்றார். தொலைபேசியை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

“இந்த மேட்ச் செல்லாதாம் மாமா. அடுத்த வருஷம் திரும்ப ஆடணுமாம்.”

“யார் சொன்னது?” என்றார் தோழர்.

“என் வொய்ஃப்.”

“மச்சான், அப்போ மண்டே?”

“ஸாரிடா.”

தோழர் என்னையும் அவரையும் பார்த்தார். “உங்க ஃபேமிலில எல்லாருமே ஒரு தினுசாதான்டா இருக்கீங்க” என்று சொல்லிவிட்டு எங்களுக்குத் தோசை வார்க்கப் போனார்.

அடுத்த ஆண்டும் அதே மண்டபத்துக்குப் போனோம். ஆட்டம் தொடங்குமுன் அதே நடுவர் என்னிடம் வந்து, நான் நிற்கப்போகிறேனா, உட்காரப்போகிறேனா என்று கேட்டார். நிற்கப்போகிறேன் என்றேன். எவருக்கும் மறைக்காதபடி பின்சுவர் ஓரத்தில், ஆனால் கோட்டிலிருந்து தெரியும்படி, எனக்கு ஓர் இடம் ஒதுக்கினார். அங்கே இருந்த நாற்காலியைத் தம் கையாலேயே எடுத்துப் போனார். இம்முறை எதிராளி வேறு ஒருவர். மாப்பிள்ளை வந்தார், பார்த்தார், எறிந்தார். எட்டாம் எண்ணின் வளையத்தில் முடித்தார். வேறு விரிவாகச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

வென்றவர்களுக்கெல்லாம் அவ்வூர் இறைச்சிக்கடையார் ஒரு பன்றித்தொடை வழங்கினார்கள். சென்ற ஆண்டு வென்ற பேருந்து ஓட்டும் அம்மையார் இம்முறை பார்வையாளராக வந்திருந்தார். அவர் அதை உரிமையோடு வாங்கிக்கொண்டு, தாமே போட்ட வெண்டைக்காய் ஊறுகாய் ஒரு பாட்டிலை மாப்பிள்ளை கையில் திணித்தார்.

அந்தப் பாட்டிலோடு நாங்கள் பார்சிப்பனி திரும்பினோம். நான் முன்னே வந்து கூடத்தில் அமர்ந்தேன். மாப்பிள்ளை காரிலிருந்து பெட்டியை இறக்கிவிட்டு உள்ளே வந்தார். நான் எழுந்து நின்றேன். எனக்கு எதிரே சோபாவில் இருந்த என் மகளும் எழுந்து நின்றாள். மணமான நாள்முதல் அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

“நீ ஏம்மா எந்திரிச்ச?” என்றேன்.

“தண்ணி எடுக்கப் போறேன் அத்தா” என்றாள்.

அவள் கையில் ஏற்கெனவே ஒரு கோப்பைத் தண்ணீர் இருந்தது. மாப்பிள்ளை உட்காரும்வரை அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.